தடைசெய்யப்பட்ட சாக்ரடீஸ்

கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரத்தார் மரண தண்டனை விதித்த ஒருவரின் நீதிமன்ற உரையை, 1910 மார்ச்சில் பம்பாய் அரசாங்கம் தடைசெய்தது. பிளேட்டோவின் ‘அப்பாலஜி’யைச் சுருக்கிக் காந்தி குஜராத்தியில் எழுதிய சிறுநூல் அது, ‘ஒரு சத்திய வீரனின் கதை’ என்பது தலைப்பின் பொருள். ‘ஹிந்த் ஸ்வராஜ்’ தடைசெய்யப்பட்டதைப் பலரும் அறிவர். உடன் தடைபட்ட சாக்ரடீஸ் ஏனோ நினைவில் தங்கவில்லை.

அது முதலில் வெளிவந்தது தென்னாப்பிரிக்காவில், ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில், 1908 ஏப்ரல், மே மாதங்களில். காலம் கவனிக்கத்தக்கது. டிரான்ஸ்வால் பதிவுச் சட்டத்துக்குப் பணிய மறுத்து ஜனவரியில் சிறைசென்ற காந்தி, ஸ்மட்ஸுடன் உடன்பாடு கண்டு மாத இறுதியில் விடுதலையானார். அதைத் துரோகமெனக் கருதிய இந்தியர் சிலர் பிப்ரவரி 10 அன்று அவரைத் தெருவில் தாக்கினர். சொந்த நகரத்தாரிடமே கசப்பான உண்மையைப் பேசி மாண்ட கிழவரை அவர் கையிலெடுத்தது இதற்குப் பின்னரே. முன்னுரையிலும் அன்னியரின் கொடுமையைவிட இந்திய சமூகத்தின் அகநோயே முன்னிற்கிறது. அதையும் அரசாங்கம் ஆபத்தென்றே கண்டது. ஒருவகையில் அது சரியான வாசிப்புதான்.

காந்தி தேர்ந்தது ‘அப்பாலஜி’யை, ‘கிரீட்டோ’வை அன்று. முன்னதில், லியோன் என்பவரைக் கொலைக்களத்துக்குப் பிடித்துவருமாறு முப்பதின்மர் ஆட்சி இட்ட ஆணையைச் சாக்ரடீஸ் மதியாமல் வீடு திரும்பியது கூறப்படுகிறது. பின்னதில், சிறையினின்று தப்புவது சட்டங்களுக்கு இழைக்கும் தீங்கென மறுக்கிறார். இவ்விரண்டையும் இணக்குவது எவ்வாறென்பது மெய்யியலாளரின் நெடுங்காலச் சிக்கல். சத்தியாக்கிரகியிடம் அச்சிக்கல் பெரிதும் தளர்கிறது: அநீதியான ஆணையை மீறுதல், மீறலுக்குரிய தண்டனையை ஓடி ஒளியாமல் ஏற்றல், இரண்டும் ஒரே செயலின் பகுதிகள்.

எனினும் ஒரு வேறுபாட்டை மறைத்தலாகாது. லியோன் விவகாரத்தில் உடன் அனுப்பப்பட்ட நால்வரும் சலாமிஸுக்குச் சென்றனர். சாக்ரடீஸ் அவர்களைத் தடுத்ததாகப் பிளேட்டோ எழுதவில்லை. தனித்தே மறுத்தார், பொதுவாழ்விலிருந்து தம்மை அகக்குரல் விலக்கியதாகவும் சொன்னார். காந்தியின் மறுப்போ திரளை வேண்டுவது. தொடர் முடிந்த மூன்று மாதங்களில், 1908 ஆகஸ்ட் 16 அன்று, ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி வளாகத்தில் 2,000க்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்கள் ஒரே கொப்பரையில் எரிக்கப்பட்டன.