திட்டமும் நடவும்: இரு மூலிகைத் தோட்டங்கள்

தோட்டங்களின் வரலாறு என்றதும் நம் மனக்கண்ணில் விரிபவை அரசர்களின் பூங்காக்களே. நோயாளிக்காக நட்டுப் பேணப்பட்ட மூலிகைப் பாத்திக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் இரு அரிய சான்றுகள் ஒன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், கான்ஸ்டன்ஸ் ஏரியை ஒட்டிய மடங்களிலிருந்து நமக்குக் கிடைக்கின்றன.

முதலாவது ஒரு வரைபடம். ஏறத்தாழ 820-830ஆம் ஆண்டுகளில், ஏரித்தீவான ரைஷெனாவின் மடத்தில் வரையப்பட்டு, செயின்ட் கால் மடத்தலைவர் கோஸ்பெர்ட்டுக்கு அனுப்பப்பட்டது. ஐந்து தோல்துண்டுகளைத் தைத்து இணைத்த அப்பரப்பில் ஒரு முழு மடமும் அடங்கியிருக்கிறது. மருத்துவர் இல்லத்தை ஒட்டி ஒரு மூலிகைத் தோட்டம். அதில் பதினாறு பாத்திகள். பாத்திக்கு ஒரு செடியின் பெயர். சேஜ், அருவதா, புதினா, ரோஸ்மேரி, பெருஞ்சீரகம் ஆகியவற்றோடு, நம் அஞ்சறைப் பெட்டியின் வெந்தயமும் சீரகமும் அங்கே இடம்பெற்றிருக்கின்றன.

இப்பகுப்பில் ஒரு நுட்பம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. சீரகமும் வெந்தயமும் ஓராண்டுப் பயிர்கள்; ஆண்டுதோறும் மண்ணைக் கிளறி விதைக்க வேண்டும். சேஜும் அருவதாவும் பல்லாண்டுச் செடிகள். அவற்றின் வேரைக் கலைக்கலாகாது. புதினாவோ தண்டோடி அண்டைச் செடிகளை விழுங்கிவிடும். தனித்தனிப் பாத்தி இம்மூன்று இயல்புகளுக்கும் இடம் தருகிறது. ஆயினும் அம்மடம் வரைந்தபடி கட்டப்படவேயில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அத்தோலின் பின்புறத்தில் ஒரு புனிதரின் வரலாற்றை எழுதினார்கள். ஏடாக மடிக்கப்பட்டதனால் வரைபடம் பிழைத்தது.

இரண்டாவது சான்று ஒரு நூல். 838இல் ரைஷெனாவின் தலைவரான வலாஃப்ரிட் ஸ்ட்ராபோ, 444 அடிகளில் ஒரு லத்தீன் தோட்டப் பாடலை இயற்றி, செயின்ட் காலின் தலைவர் கிரிமால்டுக்குக் காணிக்கையாக்கினார். இங்கே தோட்டம் கையில் அழுக்கோடு வருகிறது. குளிர்காலம் கழிந்ததும் முற்றத்தைத் தொட்டாலரிக்கும் பூண்டுகள் மூடிக்கிடக்கின்றன. அவற்றை வேரோடு களைகிறார், மண் சரியாதிருக்கப் பலகை அடைத்து மேட்டுப்பாத்தி கட்டுகிறார், எரு இடுகிறார். சிலவற்றை விதையிலிருந்து எழுப்புகிறார். சிலவற்றைப் பழைய வேரிலிருந்தே மீண்டும் இளமைக்கு அழைக்கிறார். விதை அடித்துச் செல்லப்படாதிருக்க உள்ளங்கையால் சொட்டுச் சொட்டாக நீர் வார்க்கிறார். ஒருபுறம் கூரை மழையை மறைக்கிறது. மறுபுறம் சுவர் வெயிலை மறைக்கிறது. எந்த வரைபடமும் முன்கூட்டிச் சொல்லாத இடர்கள் இவை.

சேஜைப் பற்றி அவர் கண்டது குறிப்பிடத்தக்கது. புதுத் தளிர்களை அகற்றாவிட்டால் அவையே தாய்ச்செடியை நெரித்துக் கொன்றுவிடும். அதனை உள்நாட்டுக் கலகம் என்றே அவர் வருணிக்கிறார். பேரரசின் வாரிசுப் போரில் 840இல் மடத்தை இழந்து, 842இல் மீண்டவர் அவர். அச்சொல்லை அவர் வெறும் அணியாக ஆண்டிருப்பார் என்று நம்மால் கருத இயலவில்லை. 849இல், நாற்பது வயதளவில், லுவார் ஆற்றைக் கடக்கையில் மூழ்கி இறந்தார்.

பல்லாண்டுச் செடி ஒருமுறை நட்டால் தானே வாழும் என்பது நம்மிடையே உள்ள பொது எண்ணம். அச்செடிக்கும் ஆண்டுதோறும் கழிப்பும் களைப்பும் காவலும் தேவை என்பதை இவ்விரு சான்றுகளையும் சேர்த்துப் படிக்கையில் உணர்கிறோம். எதை எங்கே நடுவது என்பதை வரைபடம் சொன்னது. நட்டபின் என்ன செய்வது என்பதை, நட்டவர் ஒருவரே சொல்ல முடிந்தது. இன்று ரைஷெனாவின் பெருங்கோயிலருகே அவர் பாடிய செடிகளைக் கொண்டு ஒரு தோட்டம் மீட்டமைக்கப்பட்டுள்ளது. அங்கும் வசந்தந்தோறும் யாரோ ஒருவர் குனிந்து சேஜின் கிளைகளைக் கழிக்கத்தான் வேண்டும்.