ஹட்சன் ஆற்று மீனைச் சாப்பிடலாமா?

2011 மே மாசம். நாங்கள் அப்போது ஜெர்சி சிட்டியில் இருந்தோம். மனைவிக்கு அஞ்சாவது மாசம் என்பதால் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தார்கள். அப்பாவுக்குப் பொழுதுபோக்கு ஹட்சன் ஆற்றங்கரை நடைபாதைதான். அங்கே தூண்டில் போடும் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரோடு எப்படியோ சிநேகமாகிவிட்டார். இருவருக்கும் சேர்த்து நூறு இங்கிலீஷ் வார்த்தை தெரிந்தால் அதிகம். ஒரு சனிக்கிழமை பிளாஸ்டிக் பையில் ஒரு கை நீளத்துக்கு மீனோடு வந்து நின்றார்.

"கொடுவா மாதிரியே இருக்குடா. காசே வாங்க மாட்டேன்னுட்டான்."

அது ஸ்ட்ரைப்டு பாஸ். அம்மா மசாலா அரைக்க ஆரம்பித்துவிட்டார். நான் கூகிளைத் திறந்தேன். (சாஃப்ட்வேர்காரனுக்கு வேறென்ன தெரியும்?) நியூயார்க் மாநிலத்தின் அறிவுரை கிடைத்தது: ஹட்சனின் இந்தப் பகுதியில் பிடித்த ஸ்ட்ரைப்டு பாஸை ஆண்களும் 50 வயது தாண்டிய பெண்களும் மாதம் ஒருமுறை சாப்பிடலாம். 50 வயதுக்குட்பட்ட பெண்களும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் இந்த ஆற்றில் எந்த மீனையுமே தொடக்கூடாது. அதாவது ஒரே சட்டியில் வைத்த குழம்பை அப்பாவும் அம்மாவும் சாப்பிடலாம், என் மனைவி சாப்பிடக்கூடாது!

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "கூவம் மாதிரி நாறுதா? செவுளைப் பாரு, ரத்தச் சிவப்பா இருக்கு. இதுல என்னடா விஷம்?" அவர் சொன்னதில் தப்பில்லை. மீன் புதுசா என்று பார்க்க அந்தச் சோதனை போதும். இந்த விஷத்துக்குத்தான் அது போதாது. மீனைக் குப்பையில் போட்டேன். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதன்பிறகு பல வருஷம் விட்டுவிட்டு இதைப் படித்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளணும். நகரத்து ஆற்றில் ரெண்டு வகை ஆபத்து உண்டு. ஒன்று கிருமி. நியூயார்க் ஒருகாலத்தில் சிப்பிக்குப் பேர்போன ஊர். பணக்காரர், ஏழை எல்லாரும் சிப்பி தின்ற ஊர். சாக்கடை கலந்து டைஃபாய்டு பயம் வந்து, துறைமுகத்தின் கடைசிச் சிப்பிப் படுகைகளை 1927-ல் மூடினார்கள். அந்த ஆபத்துக்கு மருந்து நமக்கே தெரியும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். சாக்கடையைச் சுத்திகரித்தால் ஆறும் தேறும். மன்ஹாட்டன் மேற்குப் பகுதியின் கழிவு 1986-ல் சுத்திகரிப்பு நிலையம் வரும்வரை அப்படியே ஹட்சனில்தான் விழுந்துகொண்டிருந்தது. அது நின்றபிறகு ஆறு தெளிந்தது. அப்பா பார்த்தது அந்தத் தெளிந்த ஆற்றைத்தான்.

ரெண்டாவது ஆபத்து கொதித்தாலும் சாகாது. அதன் பேர் பிசிபி, பாலிகுளோரினேட்டட் பைஃபினைல். ஒருகாலத்தில் கெபாசிட்டருக்குள் ஊற்றிய எண்ணெய். மின்சாரம் கடத்தாது, தீப்பிடிக்காது, சூட்டில் சிதையாது. கெபாசிட்டருக்கு இதைவிட நல்ல எண்ணெய் கிடைக்காது. ஆற்றில் விழுந்தால் அதே குணங்கள்தான் பிரச்சினை, எதனாலும் சிதையாமல் அப்படியே கிடக்கும். எங்கள் வீட்டிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர் மேலே, ஹட்சன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்ட் என்ற ரெண்டு சின்ன ஊர்களில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்குக் கெபாசிட்டர் தொழிற்சாலைகள் இருந்தன. 1947 முதல் 1977 வரை அங்கிருந்து ஆற்றுக்குப் போன பிசிபி 13 லட்சம் பவுண்டு வரை இருக்கலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் மதிப்பீடு. கிட்டத்தட்ட 590 டன்.

1973-ல் இன்னொரு கூத்து. ஃபோர்ட் எட்வர்டில் இருந்த பழைய அணையை இடித்தார்கள். அதன் பின்னால் தேங்கிக் கிடந்த விஷச் சேறு அவிழ்த்துவிட்ட மாதிரி கீழே இறங்கியது.

பிசிபி தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். சேற்றிலிருந்து புழுவுக்கு, புழுவிலிருந்து சின்ன மீனுக்கு, அதிலிருந்து பெரிய மீனுக்கு என்று ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். மனிதன் கடைசிப் படி. நம் கொழுப்பில் வருஷக்கணக்கில் தங்கி, தாயிடமிருந்து கருவுக்கும் தாய்ப்பாலுக்கும் போகும். 50 வயதுக் கோடு இதனால்தான். இன்றைக்குக் கர்ப்பமா என்பது மட்டும் கேள்வி இல்லை, இனிமேல் பிள்ளை பெறக்கூடிய வயதா என்பதும்தான்.

இதெல்லாம் எப்போது தெரியும்? 1966-லேயே ஸ்வீடன் வேதியியலாளர் சோரன் யென்சன் மீனிலும் கழுகிலும் பிசிபி இருப்பதைச் சொல்லிவிட்டார். 1968-ல் ஜப்பானில் தவிட்டெண்ணெயில் பிசிபி கலந்து ஆயிரக்கணக்கானோர் நோயில் விழுந்தார்கள், யூஷோ நோய் என்பது அதுதான். 1970-ல் ராபர்ட் பாயில் என்ற பத்திரிகையாளர் ஹட்சன் ஸ்ட்ரைப்டு பாஸின் முட்டையில் பிசிபி இருக்கிறது என்று ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் எழுதினார். விளையாட்டுப் பத்திரிகையில்! அப்படியும் மாநிலம் வியாபார மீன்பிடிப்பை நிறுத்தியது 1976-ல்தான். ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் அந்த மீன் சந்தையில் விற்றது.

தடையிலிருந்து தப்பியது ஷாட் என்ற மீன். வங்காளிகளின் ஹில்சாவுக்குச் சொந்தக்காரன், கோதாவரிக்காரர்களுக்குப் புலசா என்றால் புரியும். அது கடலில் வளர்ந்து, முட்டையிட மட்டும் ஆற்றுக்குள் வரும். வந்த இடத்தில் பெரும்பாலும் எதையும் தின்னாது. அதனால் விஷமும் அதிகம் ஏறவில்லை. 2010-ல் ஷாட் பிடிப்பையும் மூடிவிட்டார்கள், அதற்குக் காரணம் பிசிபி இல்லை, மீனே குறைந்துபோனதுதான். ஸ்ட்ரைப்டு பாஸ் கதையோ தலைகீழ். யாரும் வலை போடாததால் ஆற்றில் நிம்மதியாக இருந்தது. மன்ஹாட்டன் கரையில் வெஸ்ட்வே என்ற பிரம்மாண்ட நெடுஞ்சாலைத் திட்டம் 1985-ல் செத்ததே இந்த மீன்குஞ்சுகள் அங்கே குளிர்காலம் கழிக்கின்றன என்ற வழக்கினால்தான். தின்ன முடியாத மீன் ஒரு நெடுஞ்சாலையை நிறுத்தியிருக்கிறது.

சேற்றை அள்ளும் வேலை 2009-ல் ஆரம்பித்தது. ரெண்டாம் கட்டம் 2011 ஜூனில், எங்கள் வீட்டுச் சண்டைக்கு அடுத்த மாசம். 2015-ல் முடித்தார்கள். மேல் ஆற்றில் சுமார் 64 கிலோமீட்டர். மீன் சதையில் பிசிபி எட்ட வேண்டிய கடைசி இலக்கு பத்து லட்சத்தில் 0.05 பங்கு, அதற்கு 55 வருஷத்துக்கு மேல் ஆகும் என்று அவர்களே 2002-ல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சமையல் விஷயம் ஒன்று. மீனின் தோல், முதுகுக் கொழுப்பு, வயிற்றுக் கொழுப்பை வெட்டிவிட்டு, கொழுப்பு சொட்டி வடிகிற மாதிரி கம்பியில் சுட்டால் பிசிபி ஏறக்குறைய பாதி குறையும் என்கிறார்கள். நாம் என்ன செய்வோம்? தோலோடு துண்டு போட்டு, இறங்குகிற கொழுப்பு முழுக்கக் குழம்பில் நிற்க, மறுநாள் அதைச் சுண்ட வைத்துச் சாப்பிடுவோம். நண்டு என்றால் உள்ளே இருக்கும் மஞ்சளைத்தான் முதலில் உறிஞ்சுவோம். விஷம் அதிகம் சேர்வது அங்கேதான். பாதரசம் என்றால் இந்த உபாயமும் கிடையாது, அது சதையிலேயே இருக்கும்.

அந்த பிலிப்பைன்ஸ்காரர் வாரத்துக்கு ரெண்டு நாள் வீட்டுக்கு மீன் கொண்டுபோவார் என்று அப்பா சொல்லியிருந்தார். மகளும் பேரனும் அவரோடுதான் இருந்தார்களாம். அந்த அறிவுரையை அச்செடுத்து, "அவர்கிட்ட குடுங்கப்பா" என்று நீட்டினேன். "ஆசையா குடுத்தவன்கிட்ட போயி, உன் மீன் விஷம்னு எப்படிடா சொல்றது?" என்று கேட்டார். வாங்கிக்கொள்ளவில்லை. நடைபாதை எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். நானே போயிருக்கலாம். அந்தக் கோடையில் ஆபீசில் ஒரு ரிலீஸ் இருந்தது, அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். செப்டம்பரில் மகள் பிறந்தாள். காகிதம் கார் டிராயரிலேயே ரொம்ப நாள் கிடந்தது.