மோட்டார் போட்டா நெட் ஏன் போச்சு?

அரும்பாவூர்னா மரச்சிற்பம்னுதான் வெளியூர்க்காரங்களுக்குத் தெரியும். 2020-இல் அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. அதே வருஷம் எங்க வீட்ல நடந்த சண்டை ஒண்ணைச் சொல்றேன்.

கொரோனா காலம். மகளுக்கு ஆன்லைன் வகுப்பு. வயல் நடுவுல வீடு, செல்போன்ல சிக்னல் சரியா எடுக்காது. பழைய போன் கம்பியில வர்ற பிராட்பேண்ட்தான் கதி. நல்லா ஓடிட்டே இருக்கும், திடீர்னு மோடம் விளக்கு அணைஞ்சு, ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சுத் திரும்ப வரும். "பாடம் கேக்காம இருக்கச் சாக்கு சொல்றியா?"ன்னு அவளைத் திட்டினேன். லைன்மேன் ரெண்டு தடவை வந்து ஜாயிண்ட்டைப் பிரிச்சுக் கட்டினார். அவர் இருக்கறப்ப மட்டும் நெட் ஒழுங்கா ஓடும்!

செப்டம்பர்ல ஒரு செய்தி படிச்சேன். வேல்ஸ் நாட்டுல அபர்ஹோசான்னு ஒரு கிராமம். 18 மாசமா தினம் காலை 7 மணிக்கு ஊரோட நெட்டே தடுமாறியிருக்கு. கேபிளை மாத்தியும் தீரல. கடைசியில ஓப்பன்ரீச் பொறியாளர்கள் மின் இரைச்சலைக் காட்டுற கருவியோட தெருத்தெருவா நடந்து, ஒரு வீட்டுப் பழைய டிவிதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க.

டிவிக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? கம்பியோட வரலாறுதான். செப்புக் கம்பி பேச்சுக்காகப் போட்டது; அதுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் போதும். 1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தப்போ, டயல்-அப் மோடமும் அந்த எல்லைக்குள்ளயேதான் கத்துச்சு. 2005-லேருந்து பிராட்பேண்ட் பரவினப்போ, அதே கம்பியில பத்து லட்சம் ஹெர்ட்ஸுக்கும் மேல ஏத்தினாங்க. மத்திய அலை ரேடியோ ஓடுற இடம் அது. திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ், அதுக்குள்ளதான் வருது. பம்ப்செட் போட்டா ரேடியோ கரகரங்கும்னு எங்க அப்பா காலத்துலேயே தெரியும். அதே கரகரப்பைப் போன் கம்பியும் ஏரியல் மாதிரி வாங்கிக்கும். மோடம் குழம்பிப்போய் இணைப்பை விட்டுட்டு, முதல்லேருந்து ஆரம்பிக்கும்.

ஒரு வாரம் நெட் போற நேரத்தையெல்லாம் காலண்டர்ல குறிச்சேன். மும்முனை கரண்ட் வந்து கிணத்து மோட்டார் ஓடுற நேரம்தான் அத்தனையும்! லைன்மேன் வந்ததோ மும்முனை இல்லாத மதியத்துல. ஸ்டார்ட்டரைத் திறந்தா காண்டாக்ட் கருகித் தீப்பொறி விட்டுக்கிட்டிருந்துது. அதை மாத்தினோம். மோட்டார் வயரை ஒட்டி வந்த போன் கம்பியைத் தள்ளிக் கட்டினோம். தொந்தரவு தீர்ந்துது.

ஃபைபர்ல ஒளி போறதால இந்த இரைச்சல் ஏறாது. ஆனா எலி கடிச்சாலும் ரொம்ப மடங்கினாலும் அதுவும் படுத்தும். எதுவா இருந்தாலும், நெட் விட்டுவிட்டுப் போனா முதல்ல நேரத்தைக் குறிச்சு வையுங்க. அந்த நேரத்துல வீட்ல வேற எது ஓடுதுன்னு பாருங்க.

லைன்மேன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். மகள்கிட்ட கேக்கத்தான் ரெண்டு நாளாச்சு. "நான்தான் அப்பவே சொன்னேனேப்பா"ன்னா. அந்தக் காலண்டர் தாளை இன்னும் வச்சிருக்கா.