உண்ணாநோன்பும் சாமாயிகமும்

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பொறித்த பாறையை நம்மவர் பலரும் வணங்கியிருப்பர். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறும் பழந்தமிழ்க் கல்வெட்டும் அக்குன்றிலேயே உள்ளது. உணவைத் துறத்தல் சமண முனிவர்க்கு முடிவன்று. உள்ளம் ஆன்மாவில் நிலைபெறுவதற்கான வழி.

இல்லறத்தார்க்கு அத்துணை அருந்தவம் விதிக்கப்படவில்லை. புலால் மறுத்தலையும் சாமாயிகத்தையும் அருங்கலச்செப்பு சிராவகர் ஒழுக்கமாக ஒருங்கே வைத்துக் கூறுகிறது. கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பவர்க்கு அந்திப்பொழுது சாமாயிகத்திற்கு ஓய்வாக அமைகிறது. அதற்குரிய காலம் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம்.

இன்று நம் இல்லங்களில் புலால் மறுத்தல் நிலைத்திருக்கிறது. சாமாயிகமோ அருகி வருகிறது. நாவை அடக்கிய நாம் மனத்தை அடக்கவும் பழகுதல் வேண்டும். இவ்விழாநாள் முதல், பிள்ளைகளையும் அருகிருத்தி, அந்தியில் அமர்வோம்.