கடைசி ரெண்டு பாகம்

எங்க சொந்தத்துல ரெண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாம ஐம்பது வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. காரணம் ஒரு கயிறு.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை வருஷாவருஷம் முத்துச்சலாபம் நடந்தது. அதுதான் கடைசி, அப்புறம் பார்களில் குளிப்பு நடத்துகிற அளவுக்குச் சிப்பி சேரவேயில்லை. கல்லில் கால் வைத்து எட்டு, பத்துப் பாகம் இறங்குவார்கள். ஒரு நிமிஷமோ கொஞ்சம் கூடவோ அள்ளிவிட்டுக் கயிற்றை அசைத்தால், வள்ளத்தில் இருப்பவர் இழுப்பார். கயிறு பிடிப்பது மச்சான்தான் என்பது பழைய வழக்கம். தங்கச்சி தாலி அவன் கையில்தானே!

1958 சலாபத்தில் எங்க சின்னத்தாத்தா மேலே வரவில்லை. கயிறு பிடித்தவர் சின்னாச்சியின் கூடப்பிறந்த அண்ணன். "அசந்துட்டான், இழுக்கப் பிந்திட்டான்" என்று ஊரே சொன்னது. அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கயிறு கனமாத்தான் வந்துச்சு. கடைசி ரெண்டு பாகத்துலதான் லேசாயிட்டு." யாரும் நம்பவில்லை. சின்னாச்சி அதற்கப்புறம் அண்ணன் முகத்தில் விழிக்கவேயில்லை.

இது ஏன் இப்போ? பையனுக்குச் சுற்றோட்டப் பாடம் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன், அங்கிருந்து எங்கேயோ போயிட்டேன் :-)

ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று 1628-ல் நிரூபித்துப் புத்தகம் போட்டவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. அவர் மனுஷனை மட்டும் பார்க்கவில்லை. பாம்பு, தவளை, மீன் எல்லாவற்றையும் அறுத்துப் பார்த்தார். தேம்ஸ் நதியில் பிடித்த கண்ணாடி மாதிரி இறாலில் இதயம் துடிப்பதை நண்பர்களுக்குக் காட்டியிருக்கிறார். (நாமெல்லாம் இறாலை வாங்கினால் உரிக்கத்தான் தெரியும்.) ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படித் தாவுகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. 1661-ல் இத்தாலியின் மால்பீகி தவளை நுரையீரலில் நுண்குழாய்களைப் பார்த்த பிறகுதான் அந்த ஓட்டை அடைபட்டது.

நம்ம கடலில் பாருங்க, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஏற்பாடு. மீனுக்கு ஒரே சுற்று: இதயம், செவுள், உடம்பு, திரும்ப இதயம். கணவாய்க்கு மூன்று இதயம். செவுளுக்கு ரெண்டு, உடம்புக்கு ஒன்று. அதன் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு, அதனால் நீலம். முத்துச்சிப்பிக்கோ ரத்தத்துக்கு நிறமே கிடையாது. இதயம் தள்ளிவிடும், கொஞ்ச தூரம் குழாய், அப்புறம் நேராகச் சதை இடுக்குகளில் பாய்ந்து நனைத்துவிட்டுத் திரும்பும்.

இந்தத் திறந்தவெளி ஏற்பாடு மனுஷனுக்கு வசதியாகப் போனது. 1973-ல் தூத்துக்குடி பக்கம் வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி நம் சிப்பியில் செயற்கையாக முத்து விளைவித்தார். ஒரு சிப்பியின் சதைப்போர்வையில் துளி வெட்டி, மணியோடு சேர்த்து இன்னொரு சிப்பிக்குள் வைக்க வேண்டும். குழாய் எதையும் தைக்கத் தேவையில்லை. சுற்றி ஊறுகிற ரத்தமே அந்தத் துண்டுக்குச் சோறு போடும், துண்டு வளர்ந்து மணியை மூடிக்கொள்ளும்.

சரி, சிப்பியை விடுங்க. குளிக்கிறவன் ரத்தம் என்ன செய்கிறது?

வாத்தைத் தண்ணீரில் அமுக்கினால் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1870-ல் பால் பேர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டார். 1940-ல் ஷோலாண்டர் என்ற நார்வேக்காரர் அதை கடல்நாய் வரை விரித்து எழுதினார். அதே ஷோலாண்டர் குழு 1962-ல் ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணை முத்துக்குளிப்பவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. நம்ம சலாபம் முடிந்த அடுத்த வருஷம்! மூச்சடக்கி நீந்தும்போது துடிப்பு குறைகிறது. கை கால்களுக்குப் போகிற ரத்தம் சுருங்குகிறது. இருக்கிற ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சம் பிடிக்கிற வேலை.

ஆனால் கண்ணி மேலேதான் இருக்கிறது. பத்துப் பாகத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த அழுத்தம் நுரையீரலில் மிஞ்சிய ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும், ஆள் தெளிவாக இருப்பான். மேலே ஏற ஏற அழுத்தம் சரசரவென்று இறங்கும், ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏறாது. தண்ணிமட்டம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், திணறல்கூட இல்லாமல் நினைவு போய்விடும். கை தானாகக் கயிற்றை விட்டுவிடும்.

கடைசி ரெண்டு பாகம். படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்படித்தான் நடந்தது என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அந்த மனுஷன் சொன்ன வார்த்தையோடு அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் மகளைப் பார்க்கப் போனேன், எனக்கு அத்தை முறை. வாசலில் நிற்க வைத்தே பேசினார். சொல்லச் சொல்ல உள்ளே கூப்பிட்டுக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்.

"அப்பா சாகுற வரைக்கும் அதைத்தானப்பா சொல்லிக்கிட்டு கெடந்தாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க அத்தைகிட்ட இதை யாரும் சொல்லலியா?"

சின்னாச்சி 1996-லேயே போயாச்சு.