ஊதியமும் நம்பிக்கையும்: சமூகப்பணி மேற்பார்வையின் வரலாறு

1869-இல் லண்டனில் தோன்றி, 1877-இல் பஃபலோ நகரின் வழியே அமெரிக்காவில் வேரூன்றிய அறக்கொடை ஒழுங்கமைப்புச் சங்கங்கள், நகரில் சிதறிக் கிடந்த தருமங்களை ஒருங்கிணைத்து, விசாரித்து உதவி வழங்க முற்பட்டவை. ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத, வசதி படைத்த பெண்கள்; நட்புமுறைப் பார்வையாளர் எனப்பட்ட அவர்களுக்கு வழிகாட்டியவரோ சங்கத்தில் சம்பளம் பெற்ற முகவர். விரும்பியபோது விலகிவிடக்கூடிய தொண்டர்களிடம் அதட்டல் செல்லாது என்பதால், முகவர் அவர்களுடைய மதிப்பை ஈட்டியே வேலை வாங்க வேண்டியிருந்தது.

தொண்டர்களின் இடத்தைச் சம்பளப் பணியாளர்கள் பிடித்தபோது இந்த உறவு தலைகீழாயிற்று. 1898-இல் நியூயார்க்கில் இத்தகைய பணியாளர்களுக்கான ஆறு வாரக் கோடைப் பயிற்சி தொடங்கியது. 1917-இல் சமூகப்பணி முன்னோடி மேரி ரிச்மண்ட் ‘சோஷியல் டயக்னோசிஸ்’ நூலில் சான்றுகளைத் திரட்டி ஆராயும் முறையை வகுத்தார். அதன்பின் பரவிய நிகழ்முறைப் பதிவில், அதாவது உதவி நாடி வந்தவருடன் நடந்த உரையாடலை நினைவிலிருந்து ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் எழுதும் வழக்கத்தில், பணியாளரின் தடுமாற்றம் முழுவதும் வெளிப்பட்டது. அதைப் படித்துக் கற்பித்த மேற்பார்வையாளரே பணியாளரின் பணித்திறனை மதிப்பிடுபவராகவும் இருந்தார். கற்க வேண்டுமானால் தவறைக் காட்ட வேண்டும், வேலை நிலைக்க வேண்டுமானால் அதை மறைக்க வேண்டும் என்ற இந்த நெருக்கடியே நம்பிக்கைச் சிக்கலின் வேர் எனலாம்.

1936-இல் மேற்பார்வை பற்றித் தனிநூல் எழுதிய பென்சில்வேனியா சமூகப்பணிப் பள்ளியின் வர்ஜீனியா ராபின்சன், உளப்பகுப்பாய்வாளர் ஆட்டோ ராங்கின் உளவியலைத் தழுவி, மேற்பார்வையாளருக்கும் பணியாளருக்கும் இடையிலான உறவே கற்றலின் களம் என்றார். இது பெரிய முன்னேற்றம்; ஆயினும், அக்காலத்தில் ஓங்கிய உளவியல் நோக்கு பணியாளரின் அந்தரங்க மனத்தையும் மேலதிகாரியின் ஆய்வுக்கு உட்படுத்தும் அபாயத்தைக் கொண்டிருந்தது.

1968-இல் சமூகப்பணி அறிஞர் ஆல்ஃபிரட் கடூஷின், இருதரப்புக்கும் இடையே நடக்கும் இந்த மறைவுப் போராட்டத்தை விளையாட்டுகள் என்ற பெயரில் வெளிப்படையாக விவரித்தார். மேற்பார்வையாளரைப் பாராட்டியோ கேள்விகளை அடுக்கியோ பணியாளர் மதிப்பீட்டைத் தவிர்ப்பதும், மாற்றுக் கருத்தை மேற்பார்வையாளர் மனத்தடை என்று ஒதுக்குவதும் அவற்றுள் அடங்கும். நிர்வாகம், கல்வி, ஆதரவு ஆகிய மூன்றையும் மேற்பார்வையின் பணிகளாக 1976-இல் விளக்கிய அவர், விளையாட மறுப்பதே நேரான தீர்வு என்றும், அதற்கு மேற்பார்வையாளர் அவ்விளையாட்டால் தமக்குக் கிடைக்கும் ஆதாயங்களை முதலில் இழக்கத் துணிய வேண்டும் என்றும் முன்னதாகவே வலியுறுத்தியிருந்தார்.