கிளாரிந்தாவுக்கு அப்பால்: வரலாற்றுப் புனைவில் பெண்கல்வியும் வடசென்னையும்

பெண்கல்வியைப் பேசும் நம் வரலாற்றுப் புனைவில் ஒரு கதைப்போக்கு கெட்டிப்பட்டுவிட்டது. உயர்சாதி வீடு, இளம் விதவை, எழுத்தறிவிக்கும் நல்ல மனத்து ஆண் ஒருவர், இறுதியில் அவள் ஒருத்தியின் மீட்சி. இது பொய்யான கதை அன்று. ஆனால் இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையுள்ள கடலோரத்துப் பெண்களின் படிப்பு வரலாற்றை இதற்குள் அடக்க முடியாது என்பதே என் வாதம்.

இக்கதைப்போக்கின் சிறந்த வடிவம் அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய 'கிளாரிந்தா'. அதன் நாயகி வாழ்ந்து மறைந்தவர். தஞ்சை மராத்தியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு அவர் வாழ்ந்தவரை ஞானஸ்நானம் தர மறுத்த சுவார்ட்ஸ் பாதிரியார், அதிகாரி இறந்தபின் 1778இல் அதை அளித்தார். பாளையங்கோட்டையில் கிளாரிந்தா எழுப்பிய ஆலயம் 1785இல் முடிந்தது. ஊரார் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றார்கள். பள்ளிக்கூடமும் அவர் நடத்தினார். அங்கத்துச் சபைப் பதிவேட்டில் ஏறத்தாழ 40 பெயர்கள், முதற்பெயர் அவருடையது. ஆவணம் தருவது ஏறக்குறைய இவ்வளவே. மாதவையா இதோடு சேர்த்தது இளமையில் பாட்டனாரிடம் பெற்ற கல்வியை. அந்த ஒரு சேர்க்கையால் பிற்காலத்தில் அவள் எடுக்கும் முடிவுகளுக்கு அவளே பொறுப்பாளி ஆகிறாள். உடன்கட்டையிலிருந்து வெள்ளைக்காரனால் காப்பாற்றப்பட்டவள் என்ற இரக்கக் கதை, யோசித்து முடிவெடுக்கும் பெண்ணின் கதையாகிறது. புனைவு வரலாற்றுக்குச் செய்யக்கூடிய நியாயமான உதவி இது.

மாதவையா உப்பு, ஆயத்தீர்வைத் துறை அலுவலர். எண்ணூர் உப்பளங்களும் அத்துறையின் ஆளுகையில்தான் இருந்தன. அலுவலுக்கு உப்பளம், கதைக்குத் தஞ்சை என்று அவர் பிரித்துக்கொண்டதில் எனக்குக் குறையில்லை. எழுதி வைக்கப்பட்ட பெண் அங்கேதான் கிடைத்தாள்.

இராயபுரத்துக் கதை வேறு. 1888இல் ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர் மெட்டில்டா மெக்ஃபெயில். அவர் தொடங்கிய மருத்துவப் பணி 1914இல் இராயபுரத்தில் ரெய்னி மருத்துவமனையாக நிலைத்தது. ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்டப் பெண்கள் கூசிய காலம். ஆகவே வைத்தியம் பார்க்கவும் மருந்து கலக்கவும் பிள்ளைப்பேற்றுக்கு நிற்கவும் படித்த பெண்கள் வேண்டியிருந்தது. இங்கே எழுத்து சம்பளத்தோடு வந்தது. மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவளுக்கு வேலை உண்டு, வேலை உள்ளவளுக்கு வீட்டில் வாய் உண்டு. அகவிடுதலை என்று நாவல்கள் வருணிக்கும் அனுபவம் அதற்குப் பிறகு வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம்.

இந்த வரலாற்றில் புனைவுக்காகவே காத்திருப்பவர்கள் 'பைபிள் பெண்கள்'. மிஷன் கூலியில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த தமிழ்ப் பெண்கள் இவர்கள், விதவைகள் பலர். மிஷன் அறிக்கைகள் இவர்களைப் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே காட்டும்; மேற்பார்த்த துரைசானிக்குப் பெயர் இருக்கும். அறிக்கையின் கண்ணில் படிப்பு என்பது மதமாற்றத்துக்கான படி. கற்றுக்கொண்ட வீட்டுப் பெண்ணோ வேதத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கலாம். அடகுச் சீட்டில் வட்டி சரியா, தண்டல்காரன் நோட்டில் கட்டிய பணம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவும் அதே எழுத்து போதும். இந்த இடைவெளியில்தான் நாவலாசிரியருக்கு வேலை.

கூட்டத்தை வைத்து நாவல் எழுத முடியாது, ஒருத்தியாவது முன்னே நிற்க வேண்டும் என்பார்கள். ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்' (1991) அந்த மறுப்புக்கு ஓரளவு பதில். புடவையைத் துறந்து வேட்டி சட்டையில் விவசாயத் தொழிலாளரைத் திரட்டிய மணலூர் மணியம்மை தனி ஆளாகவே வருகிறார். ஆனால் கதையின் எடை அவரைச் சுற்றியுள்ள கூலிப் பெண்கள்மேல் விழுகிறது. தொடக்கம் என்னவோ அங்கும் பிராமண விதவைதான். அந்த வாசலை ராஜம் கிருஷ்ணனாலும் முழுதாகத் தாண்ட முடியவில்லை.

எழுதுவதற்குப் பழஞ்செய்தி இல்லை என்ற சாக்கும் செல்லாது. திருவொற்றியூர்க் கோயிலில் சோழர் காலத்தில் இலக்கணம் கற்பிக்கவே ஒரு மண்டபம் இருந்தது. பாணினிக்குச் சிவன் சூத்திரம் அருளிய இடம் என்ற நம்பிக்கை அதற்கு. அதே கோயில் கல்வெட்டுகளில் கொடையளித்த பெண்களும் வருகிறார்கள், தேவரடியார் பணிமுறை பற்றிய வழக்குகளும் வருகின்றன. மண்டபத்தில் ஒலித்த பாடம் அவர்கள் காதில் விழாமலா இருந்திருக்கும்? கல்வெட்டு இதற்குச் சாட்சி சொல்லாது, புனைவாசிரியர் கேட்கலாம்.

இன்று வடசென்னையின் கடந்தகாலம் என்றால் திரையில் குத்துச்சண்டையும் சிறைச்சாலையும்தான். 'சார்பட்டா பரம்பரை' (2021) எழுபதுகளின் அரசியலை நுட்பமாகவே சொன்னது, ஆனால் அது ஆண்களின் மேடை. ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதுமுன் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய்த் தொழிலாளர்களைக் கேட்டறிந்தார். எண்ணூர் உப்பளத்துக்கும் காசிமேட்டு மீன்கூடைக்கும் அதே உழைப்பு செல்லும். மிஷன் அறிக்கையோடு தண்டல் நோட்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கிறவர் எழுத வேண்டிய நாவல் அது.